தொண்ணூற்று நான்கு விழுக்காடு

தொண்ணூற்று நான்கு என்ற எண்ணைச் சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால், ஒப்புக்கொண்டதற்காக யாராவது பாராட்ட வேண்டும் என்று காத்திருப்பதுபோல் இருக்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்கத்துக்காகத் தராசு சோதித்தேன். சந்தைத் தராசு, நகைக்கடைத் தராசு, செம்பனை ஆலையில் லாரியையே ஏற்றி நிறுக்கும் எடைமேடை என்று எதையும் விட்டதில்லை. சோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தராசு சமதரையில் நிற்கிறதா, காலியாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா, எந்த அலகில் காட்டுகிறது, அதிகபட்சம் எவ்வளவு தாங்கும், முத்திரை உடையாமல் இருக்கிறதா. இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணை முதலில் பார்ப்பவன் வாடிக்கையாளன். கடைசியில் பார்ப்பவன் அதிகாரி. சித்தியவானில் ஒரு மீன்காரர் மின்தராசின் அடியிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டுக் கிலோவுக்குப் பதில் ராத்தலில் நிறுத்துக்கொண்டிருந்தார். ஒரு கிலோ மீன் இரண்டு புள்ளி இரண்டு என்று காட்டும். இரண்டேகால் கிலோ என்று நினைத்து மக்கள் வாங்கிப் போவார்கள். எத்தனையோ மாதம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் போய் நின்ற அரை நிமிடத்தில், எண்ணுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு சின்ன எழுத்துகளைப் பார்த்துப் பிடித்தேன். இந்தக் கதையை ஓய்வுபெற்ற பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

நான் இருப்பது ஈப்போப் பக்கம் குனோங் ராபாட்டில். காலையில் நடந்துவிட்டு, முனையில் இருக்கும் சாப்பாட்டுக்கடையில் ஒரு தேத்தண்ணி குடிப்பேன். அந்த மேசையில் என் வயதுக்காரர்கள் உட்கார்ந்து நோய் பேசுவார்கள். "எனக்கு எட்டு." "எனக்கு நேத்து பதினொண்ணு." "ஒனக்காவது பதினொண்ணு, எம் பொண்டாட்டிக்கு பதினாறுலா!" ஏலம் கேட்பதுபோல் இருக்கும். கேட்டுக்கொண்டே இனிப்புக் கட்டிப் பாலைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இனிப்புநீர் வியாதி இல்லை. அந்தப் பேச்சு தொடங்கினால் எழுந்துவிடுவேன். எதில் எட்டு, எதில் பதினொன்று என்று ஒருவனும் சொல்ல மாட்டான். அலகு இல்லாத எண்ணைக் கேட்டாலே எனக்கு வாந்தி வரும் என்று ஒருமுறை சொல்லிவிட்டுக்கூட வந்திருக்கிறேன். அன்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து அருவருப்போடாவது காது கொடுத்திருந்தால், இந்த ஊர் இரத்தச் சர்க்கரையை எந்த அளவில் பேசுகிறது என்று தெரிந்திருக்கும்.

என் தங்கையும் மச்சானும் பத்து காஜா ஊருக்குப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள். அது முன்பு ரப்பர்த் தோட்டம். மச்சான் பிறந்ததே அந்தத் தோட்டத்தில்தான். பாதியைச் செம்பனையாக்கினார்கள், மீதியில் வரிசை வீடு கட்டினார்கள். மச்சானுக்கு ஒரு கிடங்கில் ஜாகா, காவல் வேலை. பன்னிரண்டு மணி நேரம் கனத்த பூட்ஸ் போட்டு நிற்க வேண்டும். தீபாவளிக்கு அவருடைய அக்கா தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றப் போய்வந்தவர், அங்கே வாங்கிய இரத்தச் சர்க்கரைக் கருவி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். விளையாட்டுக்கு எல்லோரும் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறார்கள். மச்சானுக்கு மட்டும் முந்நூற்று நாற்பத்திரண்டு.

கிளினிக்குப் போகவில்லை. நோயாளி என்று தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் காலில் சின்னப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்காலோடு கால் வெட்டப்பட்டுத் திரும்பிவந்தது இன்னொன்று. அதனால் ஒருவருக்கும், எனக்கும்கூட, சொல்லாமல், தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து வைத்தியம் செய்துகொண்டார்கள். ஈப்போவில் ஒருவர் விற்கும் மூலிகைப் பவுடரும் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் தங்கை கூப்பிட்டாள். நான் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரு கணக்கு. முந்நூத்தி நாப்பத்திரெண்டு பத்தொம்போதா எறங்கினா எத்தன பெர்சன் கொறஞ்சிருக்கு?"

"என்ன கணக்கு இது?"

"உங்க மச்சானோட சீனிண்ணே. பவுடர் குடிக்கிறாருலா. ஒரே மாசம். பவுடர்காரரு எத்தன பெர்சன்னு கேக்குறாரு."

முந்நூற்று நாற்பத்திரண்டில் பத்தொன்பது போனால் முந்நூற்று இருபத்து மூன்று. அதை முந்நூற்று நாற்பத்திரண்டால் வகுத்து நூறால் பெருக்கு. கையில் குறடோடு மனத்திலேயே போட்டேன்.

"தொண்ணூத்தி நாலு புள்ளி நாலு. நல்லா கேட்டுக்க, பழைய எண்ணாலதான் வகுக்கணும். பாதிப் பேரு புதுசால வகுத்துட்டு உளறுவான்."

"நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்."

அவ்வளவுதான். எதில் முந்நூற்று நாற்பத்திரண்டு, எதில் பத்தொன்பது என்று நான் கேட்கவில்லை. மீன்காரரிடம் கேட்டேன், நகைக்கடைக்காரரிடம் கேட்டேன், எடைமேடை முதலாளிகளிடம் கேட்டேன். சொந்தத் தங்கையிடம் எப்படி வகுப்பது என்று பாடம் நடத்தினேன்.

சில நாளில் என் கைப்பேசிக்கு அந்தப் பவுடரின் விளம்பரப் படம் ஒன்று வந்தது. மூன்று புலனக் குழுக்களிலிருந்து மூன்று முறை. பச்சைப் பின்னணி, எந்த ஊர் என்று தெரியாத ஒரு ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது. "342லிருந்து 19! ஒரே மாதத்தில் 94% குறைவு! ஓய்வுபெற்ற அரசாங்க அளவை அதிகாரி கணக்கிட்டு உறுதி செய்தது!" தங்கையைக் கூப்பிட்டுத் திட்டினேன். ஆனால் முழுக் கோபம் இல்லை. பலரும் என்னை விலைக் கட்டுப்பாட்டு இலாகாக்காரன் என்றே நினைப்பார்கள்; இதில் 'அளவை அதிகாரி' என்று சரியாகப் போட்டிருந்தான். அந்தச் சொல்லை இரண்டாம் முறையும் வாசித்தேன். என்னைப் பற்றி நான் அருவருப்போடு நினைக்கும் காரியங்களில் அந்த இரண்டாவது வாசிப்புக்குத்தான் முதல் இடம்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை மறுபடி கூப்பிட்டாள். மச்சானுக்குப் பூட்ஸ் போட முடியவில்லை, உங்களிடம் மெத்தென்ற செருப்பு ஏதாவது இருக்கிறதா என்றாள். இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலிலேயே வாடை அடித்தது. கூரையில் எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை முக்காலிமேல் வைத்திருந்தார். தீபாவளிக்குப் பார்த்த மனிதரில் ஒரு பங்கைக் காணோம்.

"மெலிஞ்சிட்டேன் பாத்தீங்களா, மச்சான்? எண்பத்திரெண்டு கிலோ இருந்தேன். இப்ப எழுபத்தி நாலு. பவுடர் வேல செய்யுதுலா."

"கால்ல என்ன துணி?"

"பூட்ஸ் கடிச்சிருச்சு. ஒண்ணுமில்ல. அந்தப் பவுடரையே கொழச்சுப் போட்டிருக்கேன். செருப்பக் குடுங்க."

துணியைப் பிரிக்கச் சொன்னேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன. பச்சைப் பவுடரும் சீழும் சேர்ந்து பசைபோல் காய்ந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். வலியே இல்லை, அதுதான் நல்ல அறிகுறி என்றார். அதற்குள் தங்கை சமையலறையிலிருந்து ஒரு பெரிய கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன அது?"

"சீனித் தண்ணிண்ணே. எழுவதுக்குக் கீழ போனா ஆபத்துன்னு அந்த வீடியோவுல சொல்றாங்க. இவருக்குப் பத்தொம்போதுதானே இருந்திச்சு. மூணு வேளையும் குடுக்கிறேன். இப்பத்தான் மெல்ல மெல்ல இருவத்தி நாலுக்கு ஏறியிருக்கு."

"எழுபதுக்குக் கீழ போனா மயங்கி விழுவான்னா, பத்தொம்போதுல இவரு எப்படி நடந்தாரு?"

"அவருக்கு ஒடம்பு பழகிருச்சுண்ணே."

தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே அந்தக் கருவி இருந்தது. கையில் எடுத்ததும் பழக்கம் வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன், எண் வரும் கண்ணாடியின் மூலையில், எறும்பு அளவுக்கு எழுதியிருந்தது: லிட்டருக்கு மில்லிமோல்.

"இதுவா தீபாவளிக்கு வந்தது?"

"இல்லண்ணே. அதுக்கு ரத்தம் வைக்கிற பட்டை தீந்துபோச்சு, இங்க கெடைக்கல. இது போன்ல ஆர்டர் பண்ணினோம்."

பழையது எங்கே என்றேன். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதன் மூலையிலும் எறும்பு எழுத்து. அதில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்.

பள்ளியில் ஆறாம் படிவத்தில் படித்த வேதியியலைத் தேடி எடுத்தேன். இரத்தச் சர்க்கரையான குளுக்கோஸின் மூலக்கூறு எடை நூற்றெண்பது. ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். ஆக, இந்தக் கருவியின் ஒன்று அந்தக் கருவியின் பதினெட்டு. சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தாளைக் கிழித்து, பத்தொன்பதைப் பதினெட்டால் பெருக்கினேன்.

முந்நூற்று நாற்பத்திரண்டு.

ஒரு மில்லிகிராம்கூட இறங்கவில்லை. இன்னும் அசிங்கம் என்னவென்றால், ஒரே இரத்தத்தை அந்தக் கருவியில் ஒருமுறையும் இந்தக் கருவியில் ஒருமுறையும் பார்த்தால், எவனுக்கும் எப்போதும் தொண்ணூற்று நான்கு புள்ளி நான்கு விழுக்காடுதான் குறையும். பவுடர் குடித்தாலும் குறையும், பச்சைத் தண்ணீர் குடித்தாலும் குறையும். பதினெட்டில் ஒரு பங்கு மிஞ்சினால் வரும் விழுக்காடு அது. குழாயடியில் நின்றுகொண்டு நான் பெருமையாகச் சொன்னது, ஒரு மனிதனின் உடல்நிலை அல்ல. இரண்டு அலகுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. இருபத்து நான்கைப் பெருக்கினேன். நானூற்று முப்பத்திரண்டு. குறைவது போகட்டும், இருபத்தாறு விழுக்காடு ஏறியிருந்தது. மூன்று வேளையும் கோப்பை கோப்பையாக ஊற்றி ஏற்றியிருந்தாள்.

"மச்சான், எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? வெட்டிருவாய்ங்க. பக்கத்து வீட்டுக்காரன பாத்தீங்கள்ல?"

"சீனி கொறையல. அப்படியேதான் இருந்திச்சு. இப்ப கூடிருச்சு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா மச்சான் வெளயாடுறீங்க? நீங்கதானே தொண்ணூத்தி நாலுன்னு சொன்னீங்க. இவகிட்ட சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேன். தப்பு."

"கணக்கு தப்பா?"

"கணக்கு சரி. நான் தப்பு."

அது அவருக்கு விளங்கவில்லை. மோல், மில்லிமோல் என்று நான் பேசப் பேச அவர் முகம் சாத்திக்கொண்டே போனது. பெரிய படிப்புப் படித்தவர்கள் தோட்டத்துக்காரர்களைக் குழப்பும்போது அவர்கள் முகத்தில் வரும் மரியாதையான வெறுமை அது. வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். தாளில் நான் போட்ட பெருக்கலை அவர் பார்க்கவே இல்லை. காலைத் துணியால் மறுபடி சுற்றிக்கொள்ளத் தொடங்கினார்.

அப்போதுதான் அவரே பல தடவை சொல்லிச் சிரித்த ஒரு கதை நினைவுக்கு வந்தது.

"மச்சான், தோட்டத்துல ராத்தல் போயி கிலோ வந்தப்போ, உங்கம்மா நிறுத்து எழுதுற கிராணிகிட்ட சண்டை போட்டாங்களே, என்னா சண்டை?"

"அதெதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"ரப்பர் ஒட்டுப்பாலுக்குத்தான். நேத்து அம்பது ராத்தல் நிறுத்தது இன்னிக்கு எப்படிடா இருவத்தி மூணாச்சு, பாதிக்கு மேல திருடிட்டியான்னு வாளியத் தூக்கி அவன் மேசையில அடிச்சாங்க. பாவம் அந்தக் கிராணி. தராசு மாறிருச்சு, மூட்டை அதேதாம்மான்னு கத்துறான். யாரு கேட்டா?"

"மூட்டை அதேதானே?"

"அதேதான். தராசுதானே மா..."

நிறுத்திவிட்டார். என் இரண்டு கைகளிலும் இரண்டு கருவிகள் இருந்தன. அவர் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். கையிலிருந்த சீனித் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தார். அதைக் குனிந்து தரையில் வைத்தார்.

"அப்ப... மூட்டை அப்படியேதான் இருந்திச்சா?"

"அப்படியேதான்."

தங்கை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாந்தாண்ணே ஊத்திக் குடுத்தேன்," என்றாள். அவளைத் தேற்றுவதற்கு எனக்கு என்ன தகுதி?

ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இளம் பெண் மருத்துவர். கருவிகளைக் காட்டி நான் விளக்கத் தொடங்கியதும், "இது எங்களுக்குப் புதுசில்ல அங்கிள்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும், எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றிவிடலாம், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார். ஒரு வாரம். நான் அந்தப் படத்தைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

மச்சான் கையெழுத்துப் போடும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வெரல். அது எத்தன பெர்சன், மச்சான்?"

ஒரு காலின் ஐந்தில் இரண்டு நாற்பது. இரண்டு காலும் சேர்த்தால் இருபது. எதில் எத்தனை பங்கு என்று சொல்லாமல் விழுக்காடு கேட்கக்கூடாது என்று வேறு யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

விரல்களை எடுத்த மறுநாள் பவுடர்காரரின் கடைக்குப் போனேன். குளிரூட்டிய கடை, சாமி படம், ஊதுபத்தி. ஐம்பது வயதுக்காரர், மிகவும் பணிவு. அந்தப் படத்தை எடுக்கச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அண்ணே, உங்க பேரப் போட்டோமா? போடல. அதிகாரின்னுதான் போட்டோம்."

"அந்த எண் பொய்."

"பொய்யா? நீங்க போட்ட கணக்குதானே? முந்நூத்தி நாப்பத்திரெண்டும் உண்ம, பத்தொம்போதும் உண்ம. நானா மெசின்ல எழுதினேன்?"

"ரெண்டும் வேற வேற அலகுலா!"

"சனங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்கண்ணே." என்னவோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, உங்களுக்குச் சங்கடம்னா அதிகாரிங்கிறத எடுத்துர்றேன். தொண்ணூறுக்கு மேலன்னு பொதுவா போட்டுக்கிறேன். திருப்திதானே?" என்றார். கிளம்பும்போது ஒரு புட்டிப் பவுடரை என் கையில் திணித்தார். வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் அவர் பார்க்கும்படி போட்டேன். அவர் அதற்கும் சிரித்தார்.

புகார் கொடுத்தேன். புகாரை எப்படி எழுத வேண்டும், எத்தனை நகல், எந்த இணைப்பு, எந்த முகப்பு என்று என்னைவிடத் தெரிந்தவன் இந்த மாநிலத்தில் குறைவு. இரண்டு கருவிகளின் படம், பெருக்கல் கணக்கு, அந்தப் பச்சைப் படம் எல்லாம் வைத்தேன். கிடைத்தது என்று பதில் வந்தது. அடுத்த பதில் இன்னும் வரவில்லை. படம் மட்டும் வந்துகொண்டேயிருக்கிறது. இப்போது அதில் 'தொண்ணூறுக்கு மேல்' என்று இருக்கிறது. போன வாரம் அதை எனக்கு அனுப்பியவர், காலையில் என் மேசையில் உட்கார்ந்து "எனக்குப் பதினொண்ணு" என்று சொல்லும் அதே மனிதர். இப்போதெல்லாம் நான் எழுந்து போவதில்லை. உட்கார்ந்து, எதில் பதினொன்று, எந்தக் கருவி, சாப்பிட்டு எவ்வளவு நேரம் என்று கேட்கிறேன். என்னைக் கண்டால் இப்போது அவர்கள் எழுந்து போகிறார்கள்.

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை போய்விட்டது. ஊசி போட்டுக்கொள்கிறார். அவர் வந்த அன்று மாலை, சர்க்கரையைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன். நாள், நேரம், எண், அலகு.

மச்சான் காலை நீட்டியபடி எட்டிப் பார்த்தார்.

"கடைசிக் கட்டத்துல என்னா?"

"லிட்டருக்கு மில்லிமோல்."

"அது தெனமும் ஒண்ணுதானே? பழைய மெசினத்தான் நீங்களே தூக்கிப் போட்டுட்டீங்களே. மேல ஒரு தடவ எழுதினா போதாதா?"

"போதாது."

"நூறு வரி இருக்கு, மச்சான். நூறு தடவையும் யாரு எழுதறது?"

"நான்."

தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சீனி போடாதது. அதைக் குடிக்காமல் முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தேன். எண்களுக்கான கட்டம் முழுவதும் காலியாக இருக்க, பக்கத்துக் கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் அதே இரண்டு சொற்களை எழுதிக்கொண்டே போனேன். எதிரில் மச்சான் கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் தூக்கி வைத்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.